கீரனூர் ரேடியோவில் ஒரு வலைமுடிச்சு

அன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். நான், சைக்கிள் கடை வெள்ளைச்சாமி அண்ணன், மிஷன் பள்ளிக்கூடத்து அருள்மேரி டீச்சர். இல்லாதவன் ஒருவன், சவரிமுத்து. அவன் அப்போது கட்டுமாவடிக் கடலில் இருந்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லோரும் கடைசியில் "அவன் அங்கேதான் எங்கேயாவது ஒளிந்திருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஒளிந்திருக்கவில்லை. நானே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான் முதல் ஆள், என் அய்யா கைநாட்டு. உச்சிவேளையில் புளியமரத்துப் பக்கம் போகாதே என்று சொன்னால் வேண்டுமென்றே அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்து பாடம் படித்தவன் நான். ரேடியோப் பெட்டிக்குள் குட்டிச்சாத்தான் பேசுகிறது என்று கீரனூரில் நாலு பேர் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சாத்தான் இல்லை, கம்பியும் சுருளும்தான், உங்கள் கையாலேயே செய்யலாம் என்று காட்டத்தான் நான் வகுப்பே ஆரம்பித்தேன். அப்படிப்பட்ட என் வகுப்பில்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். திருச்சியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு வருஷம் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுத்து, கூடவே தொழிலையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். புது ரேடியோ வாங்க எங்களில் யாருக்கும் வக்கில்லை. அதனால் செத்துப்போன பெட்டிகளாகச் சேர்த்தேன். ஒன்று செட்டியார் பங்களாவில் மழை ஒழுகி ஊறிப்போனது. ஒன்று பட்டாளத்துச் சாமான் என்று திருச்சியில் எடைக்குப் போட்டது. ஒன்றில் கறையான் புற்றே இருந்தது. மூன்றையும் பிரித்து, நல்ல உறுப்பாகப் பொறுக்கி, நாலு வால்வு உள்ள ஒரே ஒரு பெட்டி செய்ய வேண்டும், செய்யும்போதே மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும், இதுதான் என் திட்டம். காகிதத்தில் எழுதியபோது எவ்வளவோ நன்றாக இருந்தது.

மாணவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேருமே என்னைவிட மூத்தவர்கள், அல்லது என் வயதுக்காரர்கள். வெள்ளைச்சாமி அண்ணன் எதையும் பலமாக முறுக்குவார், சைக்கிள் கை அது. எத்தனை திருகாணியின் தலையை உடைத்தாரோ தெரியாது. டீச்சர் ஒவ்வொரு உறுப்பிலும் நூல் கட்டி எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பார், ஆனால் வால்வைத் தொடச் சொன்னால் "ஐயோ, ஒடஞ்சா யாரு பொறுப்பு?" என்று கையை எடுத்துக்கொள்வார். சவரிமுத்து கட்டுமாவடிக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம். கீரனூரில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் தங்கியிருந்தான். கடலுக்குப் போகப் பிடிக்காமல் ஒரு தொழில் தேடி வந்தவன்.

அவனிடம் ஒரு பழக்கம். இரண்டு கம்பியைச் சேர்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஈயம் பற்றவைத்தால் போதும். அவன் அப்படிச் செய்யமாட்டான். முதலில் வலைக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போடுவான், அதன் மேல் குங்கிலியம் தடவி ஈயம் வைப்பான். இடத்தை அடைத்துக்கொண்டு குண்டாக நிற்கும். எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

"ஈயம் விட்டாலும் விடும் வாத்தியாரே, முடிச்சு விடாது" என்பான்.

"இது மீன் பிடிக்கிற வலை இல்லப்பா."

"இதுவும் காத்துல வர்றதப் புடிக்கிற வலதானுங்களே?"

டீச்சர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது எதற்கும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் எங்களுக்கு இடம் கொடுத்தது வாசகசாலை. பின்பக்கத்து அறை. எங்கள் வீடு கீற்றுக் கொட்டகை, ஈயக்கோல் காய்ச்சுகிற கரியடுப்பை அதற்குள் வைத்தால் வீடே போய்விடும். வேறு எங்கேயும் நாங்கள் நாலு பேரும் ஒரே பாயில் உட்கார யாரும் சம்மதிக்கவும் மாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும். வாசகசாலைப் பிரசிடெண்டு ஜவுளிக்கடைக்காரர். ஆறு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வாசலில் நின்று சொன்னார்:

"ஏம்ப்பா கருப்பையா, பாட்டரி வேற வாசகசாலக் காசுல வாங்கிக் குடுத்தாச்சு. வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குக் கிராம நிகழ்ச்சி வைப்பான்ல? ஊர்க்காரங்க முன்னால ஓம் பொட்டி அதப் பேசணும். பேசுச்சுன்னா அறை ஒனக்கு. பேசலைன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு, நாங்க நெல்லு மூட்டையாவது அடுக்குவோம்."

அவ்வளவுதான். அறை போனால் வகுப்புப் போயிற்று.

பெட்டியோ வாயே திறக்கவில்லை. எல்லா உறுப்பும் நல்லதுதான், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாயிற்று, படத்தில் உள்ளபடிதான் கம்பி போட்டிருக்கிறோம். ஒரு கரகரப்புக்கூட இல்லை. ஏரியலை மாற்றினோம், வேப்பமரத்தில் இன்னும் உயரத்தில் கட்டினோம், பாட்டரியை வெயிலில் வைத்தோம். ஒன்றுமில்லை. செத்த பெட்டிகளிலிருந்து செய்தது செத்தேதான் கிடக்கும் என்று வெள்ளைச்சாமி அண்ணன் வேடிக்கையாகச் சொன்னார், நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இங்கே ஒரு விஷயம் விளக்க வேண்டும். இந்த மாதிரிப் பாட்டரி ரேடியோவில் இரண்டு பாட்டரி. சின்னது வால்வுக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பியைச் சூடாக்க. பெரியது தொண்ணூறு வோல்ட், தொட்டால் உதறும். பெரியதன் வேகம் தப்பித்தவறி அந்த மயிரிழைக்குள் போய்விட்டால் வால்வு கண் சிமிட்டும் நேரத்தில் எரிந்து போகும், வால்வு ஒன்று ஒன்பது ரூபாய். அதனால் நான் போட்ட சட்டம்: பாட்டரி இணைத்திருக்கும்போது பெட்டிக்குள் ஒரு கைதான் போக வேண்டும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால். திருச்சிக் கடையில் எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இரண்டு கை போனால் அவசரமும் கூடவே போகும் என்பார் கடைக்காரர்.

திங்கட்கிழமை சவரிமுத்து சுருளுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இந்த எடத்துல ஈயம் மினுங்குது, ஆனா கம்பியப் புடிக்கலைங்க. மேலாக்கத்தான் நிக்குது" என்றான்.

அந்த ஓர் இடம் நான் பற்றவைத்தது. முதல் நாள், எப்படிப் பற்றவைக்க வேண்டும் என்று மாதிரி காட்டுவதற்காக நானே என் கையால் வைத்த இடம். பெட்டியிலேயே அழகான இடம் அதுதான்.

"அத விட்டுட்டு மத்ததப் பாரு" என்றேன்.

அவன் விடவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், பாட்டரி இணைத்திருக்கும்போதே இரண்டு கையையும் உள்ளே விட்டு அந்தக் கம்பியை ஆட்டிப் பார்த்திருக்கிறான். பளிச்சென்று ஒரு வெளிச்சம். வால்வு ஒன்று போயிற்று.

நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "ஒனக்கு வலைதான் சரி. போ." அவன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாளே ஊருக்கு பஸ் ஏறிவிட்டதாக அவன் அக்கா சொன்னாள். டீச்சர் தன் சம்பளத்திலிருந்து ஒன்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமை திருச்சிக்குப் போய் வால்வு வாங்கி வந்து மாட்டினேன். வியாழக்கிழமை இருட்டுகிற வரைக்கும் பார்த்தோம். பெட்டி ஊமைதான். அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அந்தப் பூட்டுக்கு வேறு சாவி கிடையாது. ஜன்னல் ஒன்றுதான், அதில் இரும்புக் கம்பி, பூனை நுழையலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அய்யாவுடன் கடலைக்கொல்லைக்குப் போய்விட்டு, உச்சிவேளைக்குத்தான் வந்து பூட்டைத் திறந்தேன். வெள்ளைச்சாமி அண்ணனும் டீச்சரும் என் பின்னாலேயே நின்றார்கள். கதவைத் தள்ளியதுமே குங்கிலியப் புகை வாடை. பழைய வாடை இல்லை, இப்போதுதான் யாரோ ஈயம் வைத்துவிட்டுக் கோலைக் கீழே வைத்த மாதிரி. டீச்சர்கூட, "யாரு தம்பி உள்ள?" என்று என்னைக் கேட்டார்.

உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் முந்தின நாள் சாம்பல், விரலை விட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. ஈயக்கோல் அடுப்பில் இல்லை, பெட்டிக்குப் பக்கத்தில் ஓட்டுத்துண்டின் மேல் கிடந்தது. வெள்ளைச்சாமி அண்ணன் விரலில் எச்சில் தொட்டு அதன் முனையில் வைத்தார். சுர்ரென்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

பெட்டியைத் திருப்பினேன். சுருளுக்கு அடியில், நான் மாதிரிக்குப் பற்றவைத்த அந்த இடத்தில், என் ஈயம் இல்லை. சுத்தமாக வழித்து எடுத்திருந்தது. அந்த இடத்தில் ஒரு வலைமுடிச்சு. இறுக்கமாக, சின்னதாக, அவன் இதுவரை போட்டதிலேயே நேர்த்தியான முடிச்சு, அதன் மேல் மெல்லிசாக ஈயம்.

"பாட்டரியக் குடுங்க தம்பி" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

இணைத்தேன். முதலில் கொஞ்சம் இரைச்சல். அப்புறம் நாகஸ்வரம். திருச்சியிலிருந்து பகல் ஒலிபரப்பு, அறை முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. வெள்ளைச்சாமி அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து மேலே வீசினார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர். ஆறு வாரத்துக்கு அப்புறம் எங்கள் பெட்டி பாடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. அறை எங்களுக்குத்தான்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ பூட்டைத் திறந்து உள்ளே வந்திருக்கிறான். வந்து, என் வேலை தப்பு என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"அவனக் கூப்பிட்டு உள்ள விட்டது நீங்கதானே?" என்று வெள்ளைச்சாமி அண்ணனைக் கேட்டேன்.

"சாவி ஓன் இடுப்புல இருக்கு, என்னையக் கேக்குற? யாரு வச்சா என்னப்பா, பாடுதுல்ல? பாடுற பொட்டியத் தொடாத."

"சாயங்காலம் பிரசிடெண்டு பின்மூடியத் திறந்து காட்டுன்னா? மீன்வல ரேடியோன்னு ஊரே சிரிக்கும். நான் சொல்லிக்குடுத்த வேலை இது இல்ல."

"சிரிக்கட்டுமே தம்பி" என்றார் டீச்சர். "சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க."

நான் கேட்கவில்லை. அந்த முடிச்சை அறுத்துவிட்டு அதே இடத்தில் ஒழுங்காகப் பற்றவைத்து, அப்போதும் பெட்டி பாடும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் மனதில். பாட்டரியைக் கழற்றவில்லை. பாட்டு எந்த நொடியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிற வீம்பு. இடது கையால் கம்பியை இழுத்துப் பிடித்தேன், வலது கையில் கம்பி வெட்டுகிற குறடு. இரண்டு கையும் உள்ளே. "தம்பி, கை!" என்று டீச்சர் கத்தினது கேட்டது. முடிச்சு அறுந்தது. அறுந்த வேகத்தில் குறட்டின் நுனி அங்கே ஒன்றையும் இங்கே ஒன்றையும் தொட்டது.

நாலு வால்வும் ஒரே சமயத்தில், நல்ல வெள்ளையாக, பட்டப்பகலிலும் கண் கூசுகிற மாதிரி எரிந்து அணைந்தன. நாகஸ்வரம் பாதியில் நின்றது.

ஆறு மணிக்கு ஊர் வந்து உட்கார்ந்தது. கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். "மத்தியானம் பாடுச்சுங்க, நாங்க மூணு பேரும் கேட்டோம்" என்று வெள்ளைச்சாமி அண்ணன் எழுந்து சொன்னார். "மத்தியானம் எங்க வீட்டு அம்மிக்கல்லுகூடப் பாடுச்சு" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, ஒரே சிரிப்பு. பிரசிடெண்டு சிரிக்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கட்டுமாவடிக்குப் போனேன். கரிவாயு பஸ், வழியில் இரண்டு இடத்தில் நின்று கரி போட்டுக் கிண்டினார்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், எப்படிப் பூட்டைத் திறந்தாய் என்று. கேட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்து ஒரு அறை கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது.

சவரிமுத்து கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் வாயைத் திறக்கவில்லை, கடவுள் சாட்சியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன்தான் கேட்டான்:

"அறுத்துட்டீங்களா?"

"எத?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. ஒங்களப் பாத்ததும் கேக்கணும்னு வந்துச்சு."

பக்கத்தில் அவன் தாய்மாமன், தோணி அவருடையது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரேடியோ வாத்தியார் நீங்கதானா? இவனுக்கு என்னத்தய்யா சொல்லிக் குடுத்தீங்க? வியாழக்கெழம சாயந்தரம் கடலுக்குப் போனோம், நேத்துத்தான் கரை வந்தோம். வெள்ளிக்கெழம பொழுது ஏறுனப்ப தோணியில கண்ணசந்தான். எடது கைய முதுகுக்குப் பின்னால மடக்கிக்கிட்டான். சோத்துக்கை மட்டும் காத்துல முடிச்சுப் போடுது. சிரிச்சோம் எல்லாரும். எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கிறான். அப்பறம் ஆ-ன்னு கத்திக்கிட்டு முழிச்சான், பாத்தா கட்டவெரல் கொப்பளிச்சுக் கெடக்கு. தோணியில ஏதுய்யா நெருப்பு?"

தோணியில் போன மற்ற நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

அப்புறம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், திரும்பி வா, நீ காட்டின இடம் சரிதான், ஈயம் பிடிக்காமல்தான் இருந்தது என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை தூரம் பஸ் ஏற வேண்டியிருந்தது.

"எத்தன வால்வு போச்சு?" என்று கேட்டான்.

"நாலும்."

"ஒண்ணுக்கு என்னைய வெரட்டுனீங்க. நாலுக்கு ஒங்கள யாரு வெரட்டுறது?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து வலையை எடுத்துக்கொண்டான். மாமனோடு கூட்டுச் சேர்ந்தாயிற்று, இனி வரமுடியாது என்றான்.

அறுத்த முடிச்சை ஒரு பெப்பர்மிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நம்பாதவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன், ஒரு கம்பி முடிச்சைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கே தெரியும். ஆனால் கட்டுமாவடிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை இழுத்துப் பிடிக்காமல் மற்றது சுற்ற முடியாது. நானும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், விழமாட்டேன் என்கிறது. வகுப்பு இப்போது வெள்ளைச்சாமி அண்ணனின் சைக்கிள் கடை வாசலில், வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் நடக்கிறது. ஒரு கை பின்னால் என்று சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் என் வாய் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேலே போகிறது.

பிரசிடெண்டு பாட்டரிக்குக் காசு கேட்டு ஆள் விட்டார், அதையும் கட்டினோம், மூன்று பேராகப் பிரித்து, ஏழு மாசத்தில். வால்வு நாலுக்கு முப்பத்தாறு ரூபாய், பாட்டரிக்கு இருபத்திரண்டு, கட்டுமாவடி போய்வந்த பஸ் சார்ஜ் ஒரு ரூபாய் பத்தணா. ஆக மொத்தம் ஐம்பத்தொன்பது ரூபாய் பத்தணா.